யார் முடிவு செய்வது? – மலாக்காத் தோட்டத் தமிழரிடையே அறிவு வளர்ச்சி குன்றிய முதியோர்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் கித்தாக் காட்டையும் கூறித் தொடங்குவர். பின்னர் அவ்வரலாறு கூலி உயர்வு, தொழிற்சங்கம், தமிழ்ப் பள்ளி, குடியுரிமை எனப் பல துறையாக விரியும். அத்துறைகள் எவற்றிலும் பெயர் பெறாத ஒரு சாரார் உளர். லயத்துத் திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரை நோக்கிச் சிரித்தவர். கோயில் முற்றத்தைக் கூட்டியவர். அறுபது வயதிலும் ‘தம்பி’ என்றும் ‘பாப்பா’ என்றுமே அழைக்கப்பட்டவர். அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, முதுமை எய்திய மக்களே அவர்கள்.

இன்று அவர்களுள் எஞ்சியோர் பலர்க்குத் தாயும் இல்லை, தோட்டமும் இல்லை. முதியோர் இல்லங்களிலும் பராமரிப்பு நிலையங்களிலும் அவர்கள் நாள் கழிகிறது. அவர்களுக்குச் சோறு கிடைக்கிறதா, மருந்து கிடைக்கிறதா என்று கேட்போர் உண்டு. அது நல்ல கேள்வியே. ஆயின் மற்றொரு கேள்வி கேட்கப்படுவதில்லை. எங்கே வாழ்வது, எவரோடு வாழ்வது, எதை உண்பது, எதை உடுப்பது, எந்தக் கோயிலுக்குப் போவது என்பனவற்றை முடிவு செய்பவர் யார்? இதனையே அறிஞர் தன்முடிவுரிமை என்பர். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களையும் பட்டணங்களையும் களமாகக் கொண்டு இக்கேள்வியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

குறையுடையோரை வகைப்படுத்திப் பெயரிடும் வழக்கம் தமிழில் மிகப் பழமையானது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 28 ஆம் பாட்டு எட்டு வகை எச்சங்களை எண்ணிக் காட்டுகிறது. குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலியவற்றோடு ‘மருள்’ என்பதும் அவ்வெட்டனுள் ஒன்று. அறிவு மயக்கத்தை அச்சொல் குறிக்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இக்குறையை உடற்குறையினின்று வேறாகப் பிரித்துக் காணும் நோக்கு தமிழர்க்கு இருந்தது என்பது தெளிவு. அவ்வாறு பிறந்தோர் பிறப்பின் பயனைப் பெற மாட்டார் என்ற எண்ணமும் உடன் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

தோட்ட வழக்கில் ‘மந்தம்’, ‘வெள்ளந்தி’, ‘அரைக்கிறுக்கு’ என்ற சொற்கள் வழங்கின. இவற்றுள் ஒன்று இரக்கம், ஒன்று இகழ்ச்சி. இரண்டிலும் பித்துப் பிடித்தவரும் அறிவு வளர்ச்சி குன்றியவரும் ஒன்றாகவே கலக்கப்பட்டனர். உண்மையில் இரண்டும் வேறு. முன்னது வளர்ந்த மனத்தில் வந்து பற்றும் நோய், மருந்தால் தணியலாம். பின்னது பிறவியிலோ இளமையிலோ அமைந்த நிலை. அது நோயன்று, எனவே மருத்துவமனை அதற்குரிய இடமும் அன்று. இவ்வேறுபாட்டைப் பொதுமக்கள் அறியாதது வியப்பன்று. சட்டமே நெடுங்காலம் அறியாதிருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் கடக்குமுன் நடந்த தேர்வு

1896 ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த சீனச் செல்வர் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் கித்தா பயிரிட்டார். வாணிகத்துக்காக இந்நாட்டில் ரப்பர் பயிரிட்டதற்கு அதுவே தொடக்கம் என்பர். அதனைத் தொடர்ந்து புக்கிட் ஆசகானிலும், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1907 ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்ட பின் கங்காணிகள் வாயிலாக ஆள் திரட்டும் முறை வலுப்பெற்றது.

ஆள் திரட்டியவர்கட்கு வேண்டியது உழைக்கும் உடல். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனை நடந்தது. தோட்ட வேலைக்குத் தகுதியற்றவர் எனக் கண்டவர் கப்பல் ஏறுமுன் நிறுத்தப்பட்டனர். 1922 ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, வந்து ஓராண்டுக்குள் உடல்நிலை முதலிய காரணங்களால் தொழிலாளர் இலவசமாகத் திருப்பி அனுப்பப்படவும் வழி இருந்தது. தொழிலாளர்க்குப் பாதுகாப்பாக எழுதப்பட்ட விதி அது. ஆயினும் உழைக்க இயலாதவர் இந்நாட்டில் தங்காதிருக்கவும் அது பயன்பட்டிருக்கும்.

இதிலிருந்து ஒன்று ஊகிக்கலாம். மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்த அறிவு வளர்ச்சி குன்றியோரிற் பெரும்பாலார் ஊரிலிருந்து வந்தவரல்லர். இங்கேயே லயத்தில் பிறந்தவர். 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தபின், இங்குப் பிறந்தோரின் பங்கு மேலும் பெருகியது. இம்மண்ணிலன்றி வேறெங்கும் அவர்கட்கு வேர் இல்லை. இக்குறிப்பு பின்னர்க் குடியுரிமை பற்றிப் பேசும்போது நினைவிற் கொள்ளத் தக்கது.

லயத்து வாழ்வு

விடியுமுன் பிரட்டு, பின்பு நிரையில் மரம் வெட்டல், நண்பகலில் பால் எடுத்து நிறுத்தல். தோட்டத்து நாள் இவ்வாறு கடிகாரம் போல் ஓடியது. தாயும் தந்தையும் காட்டுக்குப் போனபின் கைப்பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டன. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் முதற் சில ஆண்டுகளில் அக்கொட்டகையே புகலிடம். பிறபிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் வழி பிரிந்தது.

மலாய் ஐக்கிய நாடுகளின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்த மலாக்காவிலும் அவ்வாறே தோட்டப் பள்ளிகள் எழுந்தன. ஓராசிரியர் நான்கு வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் நடத்திய காலம் அது. அரிச்சுவடி ஏறாத பிள்ளையை அவர் எத்தனை நாள் வைத்திருத்தல் கூடும்? சில நாளில் பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படும். அத்துடன் கல்வி முடிந்தது.

வேறுவகைக் குறையுடையோர்க்கு இந்நாட்டில் முதற் பள்ளி தோன்றியது மலாக்காவிலேயே என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. பார்வையற்றோர்க்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926 ஆம் ஆண்டில் மலாக்காவில் தொடங்கி, 1931 இல் பினாங்குக்கு மாறியது. கற்றல் இடர்ப்பாடு உடையோர்க்கோ 1988 ஆம் ஆண்டில்தான் கல்வியமைச்சு முதன்முதல் வகுப்புத் தொடங்கிற்று. இடைப்பட்ட காலம் அறுபது ஆண்டுக்கு மேல். இன்று அறுபது வயதைக் கடந்தவர் 1988 இல் இருபது வயதைக் கடந்துவிட்டனர். இன்றைய முதியவர்க்கு எழுத்தோ எண்ணோ தெரியவில்லையெனில், அதில் எவ்வளவு பிறவிக் குறை, எவ்வளவு பள்ளி இல்லாத குறை என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது.

பள்ளி தள்ளினும் லயம் தள்ளவில்லை. பால் மங்கு துடைக்கவும், ஒட்டுப்பால் பொறுக்கவும், மாடு ஓட்டவும், தண்ணீர் சுமக்கவும் கை வேண்டியிருந்தது. தாயின் நிரையில் மகன் உதவினான். கூலி தாயின் பெயரில் செக்ரோலில் ஏறியது. தோட்டம் சிறியது; வழி தெரியாமல் தொலைய இடமில்லை. எந்த வீட்டில் தேநீர் கிடைக்கும், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவன் அறிந்தவை. திருவிழாவில் தீ மிதிக்கும் இடத்துக்கு அருகே நிற்பதா, தூரத்தில் மத்தளக்காரர் பக்கத்தில் அமர்வதா என்பது அவனுடைய விருப்பம். எவரும் உரிமை என்று பெயரிடாத, ஆனால் உரிமையாகவே நின்ற சிறு தேர்வுகள் இவை.

லயத்தைச் சொர்க்கமாக வருணிப்பதும் பிழை. கல்லெறிந்த சிறுவர் இருந்தனர். கள்ளுக்கடையில் வேடிக்கை காட்டவைத்துச் சிரித்தவர் இருந்தனர். உழைப்புக்குக் கூலி தாராமல் சோறு மட்டும் போட்டு வேலை வாங்கியவரும் இருந்தனர். பெண்பிள்ளைக்கு நேர்ந்த கொடுமைகள் வெளியே சொல்லப்படாமல் அடங்கின. அச்சம் மிகுந்த வீடுகளில், வேலைக்குப் போகுமுன் தாயே பிள்ளையின் காலைத் தூணில் கட்டிச் சென்றதும் உண்டு. ஆகவே லயம் தந்தது முழு உரிமை அன்று. அது தந்தது அறிமுகமான ஓர் உலகம். அவ்வுலகில் தேர்வுக்குச் சிறிது இடம் இருந்தது.

சட்டமும் சுவரும்

லயம் தாங்க முடியாதவர் எங்குச் சென்றனர்? குடியேற்ற நிதியின் ஆதரவில் தளர்ந்த இந்தியத் தொழிலாளர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகட்கும் இல்லங்கள் நடந்தன. இயலாதவரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்புவது மற்றொரு வழி. 1930 ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரவர் இவ்வாறு கப்பலேற்றப்பட்டனர். முறைகேடான நடத்தை என்று கருதப்பட்டால் மூன்றாம் வழி திறந்தது. அதுவே பைத்தியக்கார மருத்துவமனை. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 இல் மத்திய மனநோய் மருத்துவமனை எழுந்தது. மலாக்கா நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்ததாகையால் அதன் நோயாளிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். அங்கு 1928 இல் திறந்த மருத்துவமனையே பின்னாளில் உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது. ஜொகூர் தம்போயில் 1937 இல் திறக்கப்பட்ட மருத்துவமனை, பெர்மாய் என்ற பெயரில், இன்று மலாக்கா உள்ளிட்ட தென்பகுதிக்குப் பணியாற்றுகிறது.

இவ்விடங்கள் மனநோயாளர்க்காக அமைந்தவை. ஆயினும் அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கென வேறிடம் இல்லாமையால் அவரும் அங்கேயே சேர்க்கப்பட்டனர். தன்னையும் தன் காரியங்களையும் நிருவகிக்க இயலாதவர் என்ற ஒரே அளவுகோல் இருசாரார்க்கும் போதுமானதாயிற்று. 1952 ஆம் ஆண்டு மனநோய்ச் சட்டத்தின் இடத்தில் வந்த 2001 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010 இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமும் வளர்ச்சி தடைப்பட்ட மனநிலையை மனக்கோளாறு என்னும் தலைப்பின் கீழேயே வைத்தது.

வறியோர் பற்றிய சட்டத்தையும் நோக்க வேண்டும். 1977 ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், பொதுவிடத்தில் பிழைப்புக்கு வழியின்றியும் தங்குமிடமின்றியும் இருப்பவரையும், தம்மைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர இயலாதவரையும் சமூகநல அதிகாரி தம் பொறுப்பில் எடுத்து நீதிபதி முன் நிறுத்த வழி செய்கிறது. விளக்கம் தர இயலாமையே அறிவு வளர்ச்சி குன்றியவரின் குறை. மலாயில் கேட்ட கேள்விக்குத் தமிழில் தடுமாறி விடை சொல்லும் ஒரு முதியவர் இவ்வலையில் எளிதிற் சிக்குவார். அவரைக் காக்க எழுந்த சட்டமே அவர் நடமாட்டத்தை முடிவு செய்வதாகிறது.

வீடு போன கதை

இம்மக்கள் இல்லங்களுக்குச் சென்றதற்குத் தலையான காரணம் நோயன்று. வீட்டு உரிமை இன்மையே. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரையே குடியிருப்பு. 1951 இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்து, 55 வயது ஓய்வு வயதாக வழக்கூன்றியது. தாய்க்கு 55 ஆனால், வீட்டில் வேறொருவர் பேர் போட்டிருந்தாலன்றி, வீட்டை ஒப்படைக்க வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றிய மகன் பேர் போட முடியாதவன். தாய் ஓய்வு பெற்ற நாளே அவன் வீட்டை இழந்த நாள்.

இதன் மேல் அடுக்கடுக்காக வேறு இடிகள் விழுந்தன. சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் திரும்பவில்லை. தந்தையற்ற வீடுகள் பெருகின. 1950 ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். 1968 ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கிற்று. பல்லாயிரவர் இந்தியாவுக்குப் போயினர். கித்தாவின் இடத்தைச் செம்பனை பிடித்தபோது ஆட்தேவை சுருங்கியது. மிஞ்சிய குடும்பங்கள் மலாக்கா நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்தன.

அடுக்குமாடி நான்காம் மாடியில் அந்த ‘தம்பி’ என்ன செய்வார்? மாடு இல்லை, மங்கு இல்லை, பெயர் சொல்லி அழைக்கும் தெரு இல்லை. அண்ணன் மகனும் மருமகளும் ஆலைக்குப் போனபின் கதவு வெளியே பூட்டப்படும். லயத்தில் சுற்றித் திரிந்தவர் அறையில் அடைபட்டார். இறுதியில், குடும்பம் சலித்தோ, அஞ்சியோ, உண்மையிலேயே அவர் நலம் கருதியோ இல்லம் தேடியது. ‘எங்கே போகிறாய்’ என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை.

சிலர்க்கு இல்லக் கதவும் எளிதில் திறக்கவில்லை. 1948 இல் அடையாளக் கார்டு முறை வந்தபோதும், 1957 விடுதலையின்போதும், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தமக்கே தாள் தேடப் பட்ட பாடு பெரிது. ஊமையாய் இருந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எதற்கு என்று விட்டவர் பலர். பிற்காலத்தில் அரசாங்க உதவிப் பணமும் ஊனமுற்றோர் அட்டையும் வந்தன. தாள் இல்லாதவர்க்கு இரண்டும் எட்டாதவையாயின. 2011 இல் நடந்த மைடப்தார் இயக்கம் தாளில்லா இந்தியரைப் பதிவு செய்ய முயன்றது. இங்கேயே பிறந்து இம்மண்ணன்றி வேறறியாதவர் தாம் யார் என்று நிறுவ வேண்டியிருந்தது கொடிய முரண்பாடு அன்றோ?

இரு கதவுகளுக்கு நடுவே

சமூகநல இலாகா 1946 இல் தொடங்கியது. அது நடத்தும் இல்லங்கள் இருவகை. மலாக்காவின் செங் வட்டாரத்தில் உள்ளதைப் போன்ற ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் முதியோர்க்கு உரியவை. அறுபது வயதைக் கடந்தவராய், உறவினரற்றவராய், தம்மைத் தாமே பேணக் கூடியவராய் இருத்தல் வேண்டும் என்பது சேர்க்கை நெறி. அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கு உரியவை தாமான் சினார் ஹரப்பான் இல்லங்கள். சிரம்பான், தம்போய் முதலிய இடங்களில் அவை உள்ளன. பிள்ளைகட்குப் பயிற்சி தருவதே அவற்றின் முதல் நோக்கம்.

அறுபது வயதான, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவது? முதியோர் இல்லம் தன்னைத்தானே பேணுபவரைக் கேட்கிறது. பயிற்சி இல்லம் பிள்ளையை எண்ணி அமைந்தது. நடுவில் நிற்பவரைத் தனியாரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் இல்லங்களே பெரும்பாலும் ஏற்கின்றன. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைக்கும் நிலையங்களை 1993 ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டம் பதிவுக்கும் பார்வைக்கும் உட்படுத்தியது. கட்டடம், தூய்மை, பதிவேடு ஆகியவற்றை அதிகாரி சோதிக்கலாம். உறைபவர் தாம் விரும்பியபடி நாளைக் கழிக்கிறாரா என்பதைச் சோதிக்கும் அளவுகோல் எளிதில் அமைவதில்லை.

இந்நிலைக்கு ஒரு புதுமையும் காரணம். முற்காலத்தில் இம்மக்கள் முதுமை அடைந்ததே அரிது. டவுன் நோய்க்குறியோடு பிறந்தோரின் சராசரி ஆயுள் 1949 இல் இங்கிலாந்தில் 12 ஆண்டே என்று பென்ரோஸ் என்னும் அறிஞர் கணித்தார். இன்று வளர்ந்த நாடுகளில் அது 60 ஆண்டை எட்டியுள்ளது. பிள்ளை பெற்றோருக்கு முன்னே மறைந்த காலம் போய், பெற்றோருக்குப் பின்னும் வாழும் காலம் வந்துள்ளது. தாய்க்குப் பின் யார் என்ற கேள்விக்கு முந்தைய தலைமுறை விடை தேட வேண்டியிருந்ததில்லை. இத்தலைமுறை தேடியாக வேண்டும்.

உலகம் கண்ட மாற்றம்

இல்லங்களைப் பெரிதாகக் கட்டிய நாடுகளே அவற்றின் குறையை முதலில் கண்டன. சுவீடன் நாட்டு பெங்ட் நிர்யே 1969 இல் இயல்புநிலைக் கொள்கையை விளக்கினார். நாளின் ஒழுங்கு, வாரத்தின் ஒழுங்கு, ஆண்டின் ஒழுங்கு ஆகியவை பிறர்க்கு எப்படியோ அப்படியே இவர்க்கும் அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. மாலை ஐந்து மணிக்கே உறங்கச் செய்வது இல்லத்துக்கு வசதி, மனிதர்க்கு இயல்பன்று. 1970 இல் மால்மோ நகரில் அறிவு வளர்ச்சி குன்றியோரே கூடி மாநாடு நடத்தினர். தங்களைப் பிள்ளைகளைப் போல் நடத்தலாகாது, நகரத்தில் பெருங்கூட்டமாக அழைத்துச் செல்லலாகாது என்று அவர்கள் கேட்டனர். எளிய கோரிக்கைகள், ஆயினும் அவர்கள் வாயிலிருந்து வந்தவை. 1974 இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இத்தகையோரே நடத்தும் இயக்கம் ஒன்று, ‘முதலில் மனிதர்’ என்று பொருள்படும் பெயரோடு தோன்றிற்று.

சட்டமும் மெல்ல அசைந்தது. சுவீடன் 1989 இல் ஒருவரை முற்றிலும் தகுதியற்றவராக அறிவிக்கும் வழக்கத்தையே நீக்கி, உடனிருந்து உதவும் துணைவரை அமர்த்தும் முறையை முதன்மையாக்கிற்று. மலாக்காவோடு ஒரே குடியேற்றமாய் இருந்த சிங்கப்பூரில் 2010 இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டம், எவரும் முடிவு செய்யும் திறன் உடையவர் என்றே முதலிற் கொள்ள வேண்டும் என்கிறது. அறிவற்ற முடிவு செய்தார் என்பதனாலேயே ஒருவர்க்குத் திறன் இல்லை எனல் கூடாது என்றும் அது கூறுகிறது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், காப்பாளர் அவரோடு கலந்து கூட்டாக முடிவு செய்யும் வரையறுத்த காப்புரிமையை வகுத்தது. சென்னையில் 1993 இல் தோன்றிய பானியன் அமைப்பு மருத்துவமனையில் நெடுநாள் தங்கிவிட்ட மனநோயுற்ற பெண்களைச் சிறு குழுவாகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் வாழவைக்கும் முயற்சியை மேற்கொண்டது. நோயின் வகை வேறெனினும், வீடு என்பது எது என்ற பாடம் இருவர்க்கும் பொது.

ஐக்கிய நாட்டு மன்றம் 2006 இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12 ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத் தகுதியையும், 19 ஆம் பிரிவு எங்கே எவரோடு வாழ்வது என்று தேரும் உரிமையையும் பேசுகின்றன. மலேசியா 2008 இல் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை இயற்றிற்று. 2010 இல் உடன்படிக்கையை உறுதிசெய்தது. அப்போது 15, 18 ஆகிய பிரிவுகளை ஒதுக்கி வைத்தது. குடியுரிமை பற்றிய 18 ஆம் பிரிவு தோட்டத்து மக்கட்கு எத்துணை முக்கியம் என்பதை மேலே கண்டோம். 12, 19 ஆகியவை ஒதுக்கப்படவில்லை. எனவே அவை இந்நாடு கொடுத்த வாக்கு. சிலாங்கூர் வட்டாரத்தில் கற்றல் குறைபாடு உடையோர் தாமே நடத்தும் யுனைடெட் வாய்ஸ் சங்கம் அவ்வாக்கை நினைவூட்டி வருகிறது.

மலாக்காவில் இதன் பொருள்

பெருங்கொள்கையை மலாக்காத் தமிழ் முதியவரின் ஒரு நாளில் வைத்துப் பார்ப்போம். முதலாவது மொழி. தேர்வு என்பது சொல்லால் நடப்பது. தமிழன்றி வேறறியாத மூதாட்டியிடம் பிறமொழியில் கேட்டுவிட்டு, அவர் விடை கூறவில்லை என்று குறிப்பெழுதினால் குறை எவருடையது? வாரம் ஒருமுறை தமிழ் பேசுவோர் ஒருவர் சென்று அமர்ந்தாலே பல விருப்பங்கள் வெளிப்படும்.

இரண்டாவது, ‘ஆம்’ என்னும் பழக்கம். இம்மக்கள் கேள்வி புரியாதபோதும் ஆம் என்று சொல்லிவிடுவர் என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980 ஆம் ஆண்டுகளில் காட்டினர். தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இது இரட்டிப்பாகும். துரையின் முன்னும் கிராணியின் முன்னும் ‘சரிங்க’ என்பதன்றி வேறு சொல்லக் கேட்டறியாத தலைமுறை அது. ஆகவே ‘இங்கே இருக்க விருப்பமா’ என்று கேட்டுப் பெற்ற ஆம் விடை, விடையாகாது. இரு பொருளைக் காட்டித் தேரச் சொல்ல வேண்டும்; முறைமாற்றி மீண்டும் கேட்க வேண்டும்; வேறு நாளில் வேறொருவர் கேட்க வேண்டும். பேச்சில்லாதவர்க்கு முகமே விடை.

மூன்றாவது, உணவும் உடையும். வாழ்நாளெல்லாம் சேலை உடுத்தவரைத் துவைக்க எளிதென்று நீள்கவுனில் வைப்பதும், வெள்ளிக்கிழமை மரக்கறி உண்டவர்க்கு அதை மறுப்பதும் சிறு காரியமாகத் தோன்றும். வேறு எதுவும் தம் கையில் இல்லாதவர்க்கு அவையே பெருங்காரியம்.

நான்காவது, துயர். தாய் இறந்தால் மகனிடம் சொல்லாது மறைத்தல் நம் குடும்பங்களில் அடிக்கடி நிகழ்வது. ‘அவனுக்கு என்ன தெரியும்’ என்பர். தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன் என்பது பலர் வழக்கம். இளையவர் இவராயின் உரிமை ஓசையின்றி அண்ணனுக்குப் போகும். பின்னர்ப் பல்லாண்டு அவர் வாசலில் அமர்ந்து தாய்க்காகக் காத்திருப்பார். பிறர் அதைப் பிடிவாதம் என்பர். அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, தாயின் முகத்தைக் காட்டி, விரும்பினால் ஒரு பிடி வாய்க்கரிசி இடச் செய்தல், விரும்பாவிடின் விட்டுவிடுதல், இதுவே தன்முடிவுரிமையின் தமிழ் வடிவம்.

இவற்றுக்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் நியாயம் ஒன்று உண்டு. விருப்பப்படி விட்டால் சர்க்கரை நோயுள்ளவர் மிட்டாய் தின்பார், தெரியாத தெருவில் தொலைவார் என்பர். இவ்வச்சம் பொய்யன்று. ஒரு பணியாளர் பலரைக் கவனிக்கும் இல்லத்தில் அது இன்னும் மெய். ஆயினும் ஆபத்துள்ள ஒரு முடிவைக் காரணங்காட்டி ஆபத்தில்லாத நூறு முடிவுகளைப் பறித்தல் எவ்வகையிலும் பொருந்தாது. மிட்டாயைத் தடுப்போர் சட்டையின் நிறத்தையும் ஏன் தடுக்க வேண்டும்? ஐம்பது ஆண்டு எதையும் தேரவிடாது வைத்துவிட்டு, தேரத் தெரியாதவர் என்று தீர்ப்பளிப்பது, நீரில் இறங்கவிடாது வைத்து நீந்தத் தெரியாதவர் என்பது போலும்.

வரலாறு கூறும் முடிபு

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் முடிவு செய்தவர் வரிசை நீளமானது. முதலில் ஆவடி முகாமின் மருத்துவர், பின்னர்த் துரை, பின்னர்ப் பள்ளி, பின்னர் நீதிபதி, பின்னர்ச் சேமநிதியின் வயதுக் கணக்கு, இறுதியில் அண்ணன் மகன். இவர்களுட் சிலர் அன்புடையார், சிலர் அன்பிலார். வரிசையில் ஒருமுறையேனும் அவருடைய சொந்தப் பெயர் வரவில்லை என்பதே இதிற் காணும் உண்மை.

தோட்டத்து வாழ்வை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். இல்லத்தில் இருக்கும் ஒருவர் எந்தத் தோட்டத்தவர், எவர் மகன், எந்தச் சாமியைக் கும்பிட்டார், எந்தப் பாட்டுக்குத் தலையசைப்பார் என்பதைச் சொல்லக்கூடியவர் இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் இருக்கின்றனர். பத்தாண்டு கழித்து இருப்பரோ என்பது ஐயம். தோட்ட வரலாறு எழுதும் தமிழாசிரியர்கள் கோயிலையும் பள்ளியையும் பதிவதோடு இவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, அவர் இருக்கும் இல்லத்தில் சேர்ப்பிப்பாராயின் அது சிறந்த ஆராய்ச்சியுமாகும், அறமுமாகும். அவர் விருப்பம் இன்னதென அறியத் துணைசெய்யும் ஏடு அதுவே. அதன் தலைப்பில் ‘தம்பி’ என்று எழுதாது அவர் இயற்பெயரை எழுதுதல் வேண்டும்.